நீங்கள் அழைக்கச் சொன்ன இலக்கம்

அக்கா,

போன கிழமை என் மின்னஞ்சலுக்கு ஒரு படிவம் வந்தது. தமிழைச் சரிபார்த்துத் தரும்படி கேட்டிருந்தார்கள். இப்போது வீட்டிலிருந்து நான் செய்கிற வேலை இதுதான். மற்றவர்கள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழிலேயே எழுதியது போலக் காட்டிக் கொடுக்கிறேன். பழங்குடிக் குடும்பங்களுக்குச் சலுகைக் கட்டணத்தில் தொலைபேசியும் இணையமும் கொடுப்பதற்கான விண்ணப்பப் படிவம் அது. ஏழாவது கேள்வியில் என் கண் நின்றுவிட்டது. ‘விண்ணப்பதாரர் பழங்குடியினர் என்பதற்கு ஆதாறம் இணைக்கப்பட்டுள்ளதா?’

அந்த வாக்கியம் என்னுடையது. சுனாமியாய்க் கடல் வந்த மறுவருஷம், வாவிக்கரையில் ஒரு வாடகை வீட்டில் நடந்த எங்கள் திட்டக் கந்தோரில், விசைப்பலகையில் எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டி நான் எழுதியது. ஆதாரம் என்பதில் பெரிய றகரம் போட்ட பிழையும் என்னுடையதுதான். எத்தனையோ கை மாறி, எத்தனையோ திட்டம் மாறி, அந்தப் பிழை மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது.

பிழையைத் திருத்தினேன். பக்கத்தில், ‘இந்தக் கேள்வியே வேண்டாம். இதைக் கேட்டுக் கேட்டே ஒரு ஆளைச் சாகவிட்டவள் சொல்கிறேன்’ என்று எழுதினேன். பிறகு இரண்டாவது வசனத்தை அழித்துவிட்டு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. ‘மிக்க நன்றி. எழுத்துப் பிழைகளை மட்டும் பார்த்தால் போதும்.’

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் இருந்தபோது நான் உங்களுக்கு எழுதியதெல்லாம் ‘இன்ன கடிதம் கொண்டு வரவும், இன்ன பிரதி கொண்டு வரவும்’ என்ற துண்டுகள்தான். அவற்றையும் யாரோ வாசித்துக் காட்டித்தான் உங்களுக்கு விளங்கியது. இதை யாரும் வாசித்துக் காட்டப் போவதில்லை. அதனால் எதையும் ஒளிக்காமல் எழுதலாம்.

நீங்கள் முதன்முதல் கந்தோருக்கு வந்த நாள் நல்ல மழை. வாகரைப் பக்கத்திலிருந்து விடியவே வெளிக்கிட்டு, பனிச்சங்கேணிப் பாலம் கடந்து, இரண்டு சோதனைச்சாவடியில் இறங்கி ஏறி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தீர்கள். சீலைக் கரை முழங்கால்வரை நனைந்திருந்தது. கதிரையைக் காட்டினேன். நனைந்துவிடும் என்று நீங்கள் உட்காரவில்லை. பொலித்தீன் பையிலிருந்து பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் எடுத்து மேசையில் வைத்தீர்கள். அவை மட்டும் நனையவில்லை.

“வேடர் ஆக்களுக்குப் போன் குடுக்காங்களாம் எண்டு சொன்னாங்க மிஸ். அதுதான் வந்தன்.”

எங்கள் திட்டம் அதுதான். கரையோரத்தில் வாழும் வேடர் குடும்பங்களுக்குக் கம்பி இல்லாத மேசைத் தொலைபேசி. கருவி இனாம். மாதக் கட்டணத்தில் சிறு பங்கை அவர்கள் கட்டினால் மிச்சத்தைத் திட்டம் பார்த்துக்கொள்ளும். கடல் வந்தபோது தனித்துப்போன ஊர்கள் இனி ஒருக்காலும் தனித்துப்போகக் கூடாது என்று அறிவித்தலில் அழகாக எழுதியிருந்தது. அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

ஏன் போன் வேண்டும் என்று ஒரு கேள்வி இருந்தது. எல்லோரும் ஆஸ்பத்திரி, அவசரம் என்று சொல்வார்கள். நீங்கள் உங்கள் தங்கச்சி பூமணியைப் பற்றிச் சொன்னீர்கள். அவ குவைத்தில் வீட்டு வேலை. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வாழைச்சேனையிலுள்ள ஒரு கொமினிகேசன் கடைக்குப் போன் எடுப்பா. நீங்கள் முன்கூட்டியே போய் அங்கே வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பீர்கள். கடல் வந்த பிறகு வீதி இல்லை, பாலம் இல்லை. கடைக்காரரும் கடையைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டார். அங்கே ஒரு வீட்டுக் குசினியில் டிவியில் நம் கரையைப் பார்த்துக்கொண்டு அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறா. ஒரு மாதத்துக்கும் மேல் கழித்து நீங்கள் போய்ச் சேர்ந்து றிசீவரைக் காதில் வைத்தபோது, அவ ‘அக்கா’ என்றுகூடச் சொல்லவில்லையாம்.

“‘ஆரு மிச்சம்?’ எண்டுதான் மிஸ் கேட்டவள். நான் ஒவ்வொரு பேராச் சொன்னன். அம்மாட பேரு வரல்ல எண்டதும் அவளுக்கு விளங்கிற்று. இனி அவள் அப்பிடிக் கேக்கக் கூடாது. அதுக்குத்தான் போன்.”

நான் அதைப் படிவத்தில் எழுதினேன். பிறகு உங்கள் சான்றிதழைப் பார்த்தேன். இனம் என்ற இடத்தில் ‘இலங்கைத் தமிழர்’ என்று இருந்தது.

“வேடர் எண்டு இதுல இல்லையே அக்கா. ஆதாரம் வேணும். இப்ப பதிய ஏலா.”

நீங்கள் கோபப்படவில்லை. உண்மையாகவே விளங்காதது போல என்னைப் பார்த்தீர்கள். “பள்ளிக்குடத்துல எங்களோட ஒரு வாங்குல இரிக்க மாட்டம் எண்டாங்க. சந்தையில எங்கட மீனக் கடைசியாத்தான் வாங்குவாங்க. ‘வேடச்சி’ எண்டு ஏசுறவங்க ஆரும் ஆதாரம் கேக்கல்லையே மிஸ். குடுக்கக்குள்ள மட்டும் கேக்கியள்?”

தேவையான ஆவணங்களின் பட்டியலைத் தந்து அனுப்பினேன். நீங்கள் போன பிறகு என் கைப்பையில் இருந்த என் சான்றிதழின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். நான் கல்லடி, டச்பாரில் பிறந்த பறங்கிப் பிள்ளை. அப்பப்பா சாராய வெறியில் பாடுகிற நாலு போர்த்துக்கேய வரியைத் தவிர அந்த மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. கனவு காண்பதுகூடத் தமிழில்தான். ஆனால் என் தாளில் ‘பறங்கியர்’ என்று தெளிவாக இருந்தது. அதற்கு ஆதாரம் காட்டு என்று இந்த நாட்டில் ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை.

நீங்கள் திரும்பவும் வந்தீர்கள். பதிவேட்டில் இல்லாததை எழுத முடியாது என்று கிராம சேவகர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூட அதிபர் ஒரு கடிதம் தந்தார். எங்கள் மனேஜர் அதை ஏற்கவில்லை. கோயில்காரர் ஒரு கடிதம் தந்தார். அதில் திகதி இல்லை. நீங்கள் வந்தது நான்காம் தரமோ ஐந்தாம் தரமோ, அன்று பஸ் இல்லாமல் நீங்கள் பின்னேரம்வரை கந்தோரில் இருக்க வேண்டி வந்தது. காயவைத்த கூனி இறால் பார்சல் ஒன்றைக் கொண்டுவந்து தந்தீர்கள். தேத்தண்ணி ஊற்றினேன். வாவியைப் பார்த்தபடி குடித்தோம். அப்போதுதான் நீங்கள் கேட்டீர்கள்.

“உங்கட அம்மாவ எடுத்தயளா புள்ள?”

கடல் என் அம்மாவையும் கொண்டுபோனது என்று நான் உங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. எப்படித் தெரியும் என்றும் நான் கேட்கவில்லை. “இல்ல அக்கா. உடம்ப எடுக்கக் கிடைக்கல்ல.”

“நாங்க எங்கட அம்மாவ எடுத்தம்” என்றீர்கள். அவ்வளவுதான். ஒரு தவறைச் செய்துவிட்டவர் போலச் சொன்னீர்கள், எனக்குக் கிடைக்காதது உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்பதைப் போல. அன்றிலிருந்து நான் உங்களுக்கு மிஸ் இல்லை, புள்ள.

பிறகு வெளியிலிருந்து ஒரு ஆலோசகர் வந்தார். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கடிதங்கள் தேவையில்லை, நான் நேரில் பார்த்துத் தீர்மானிக்கிறேன் என்றார். இராணுவம், இயக்கம் என்று இரண்டு பக்கத்து ஆட்களிடமும் அனுமதி எடுத்து உங்கள் ஊருக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மொழிபெயர்க்க நான். நீங்களும் உங்கள் வீட்டுக்காரர் அத்தானும் பாய் விரித்து, கோப்பி போட்டு, ஊர்ச் சனம் முழுவதும் குளித்து நல்ல உடுப்புப் போட்டு நின்றீர்கள். அதுதான் நீங்கள் விட்ட பிழை. அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தகரக் கூரை. சைக்கிள். கோயில் திருவிழாவுக்குத் தைத்த சேட்டு. அவருடைய முகம் விழுந்ததை நான் பார்த்தேன்.

“வில் அம்பு இருக்கிறதா என்று கேளுங்கள்” என்றார். கேட்டேன். இல்லை என்றார் அத்தான். “அவர்களுடைய பழைய உடை?” கேட்டேன். சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. “சடங்கு ஏதாவது செய்து காட்டுவார்களா?” அதையும் கேட்டேன். ஒவ்வொன்றையும் நான் கேட்டேன் அக்கா, ஒரு சொல் குறைக்காமல்.

நீங்கள் முன்னுக்கு வந்து நின்று சொன்னீர்கள். “சேட்டக் கழட்டினா போன் தருவாராமா எண்டு கேளு புள்ள.”

அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. அவர்கள் ஒத்துழைப்பார்கள் என்று சொல்கிறா என்றேன்.

அத்தான் உள்ளே போனார். சேட்டைக் கழற்றி வைத்துவிட்டு, விறகு கொத்துகிற கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வேலியோரம் நின்றார். இன்னும் இரண்டு பேர் அப்படியே செய்தார்கள். ஆலோசகர் குனிந்தும் நிமிர்ந்தும் படம் எடுத்தார். நீங்கள் கமராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். திரும்பி வரும்போது வாகனத்தில் அவர், “மிகவும் உண்மையான மக்கள்” என்றார். பத்து நாளில் அனுமதி வந்தது. ஊருக்கு முதலில் ஒரு தொலைபேசி, உங்கள் பெயரில், உங்கள் வீட்டில்.

போன் வந்த நாளை மட்டும் கசப்பில்லாமல் எழுத ஆசை. வாழைச்சேனைப் பக்கத்துக் கோபுரத்திலிருந்து சிக்னல் எட்டாமல், அத்தான் ஒரு பாலை மரத்தில் ஏறி, நீளக் கம்பில் அன்ரனாவைக் கட்டிச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். கீழே நீங்கள் றிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, “இன்னும் கிறுக்குங்க, இன்னும் கொஞ்சம், இந்தா கேக்குது!” என்று கத்தினீர்கள். வெள்ளிக்கிழமை பூமணி எடுத்தா. வளவு நிறையச் சனம். “வீட்டுல இரிந்து கதைக்கன்டி. எங்கட வீட்டுல இரிந்து” என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அங்கே அவ அழுதா, இங்கே நீங்கள் சிரித்தீர்கள். பிறகு றிசீவரை ஒவ்வொருத்தர் காதிலும் வைத்தீர்கள், ஆட்டுக்குட்டியின் வாயருகேயும் வைத்தீர்கள்.

எழுத்துத் தெரியாத நீங்கள் இரண்டு இலக்கங்களைப் பாடமாக்கினீர்கள். ஒன்று குவைத் இலக்கம். மற்றது என் கந்தோர் இலக்கம். சில நாள் காரணமே இல்லாமல் எடுப்பீர்கள். “சும்மாதான் புள்ள. போன் உயிரோட இரிக்கா எண்டு பாத்தன்.” எனக்கு வேலையிருந்தால் அவசரமாக வைத்துவிடுவேன். அதற்கும் இப்போது வெட்கப்படுகிறேன்.

ஒரு வருஷம்கூட நிறையவில்லை. திரும்பவும் சண்டை தொடங்கியது. செல் குண்டு விழத் தொடங்கியதும் முதலில் வீதி அடைபட்டது, பிறகு போன் நின்றது. அந்தப் பக்கம் முழுவதுக்கும் யாரோ இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். யார் என்று கேட்டு ஆறு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. கிழமைக் கணக்காக உங்கள் இலக்கத்தை அடித்துக்கொண்டிருந்தேன். பூமணி எனக்கு எடுப்பா. நீங்கள் சொல்லிக் கொடுத்த என் இலக்கத்துக்கு. “மிஸ், அக்கா?” என்பா. “தெரியல்ல பூமணி” என்பேன். ‘ஆரு மிச்சம்’ என்று இனிக் கேட்கக் கூடாது என்றுதானே இத்தனையும் செய்தீர்கள்.

காட்டாலும் களப்பாலும் நடந்து வந்த சனத்தோடு நீங்களும் அத்தானும் வந்து சேர்ந்தீர்கள். முகாமில் உங்களைக் கண்டபோது எலும்பும் தோலும். கையில் ஒரு சீலைப் பொட்டலம். பிரித்தால் போன்! உடுப்பை விட்டீர்கள், பானை சட்டியை விட்டீர்கள், அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

“சோதனையில இதென்ன எண்டு கேட்டாங்க புள்ள. ஆதிவாசி ஆக்களுக்குக் குடுத்த பரிசு எண்டன். அவன் என்ன மேலயும் கீழயும் பாத்துப்போட்டுச் சிரிச்சி விட்டுட்டான்.” நீங்களும் சிரித்தீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, “இஞ்ச இது வேலை செய்யுமா?” என்று கேட்டீர்கள்.

இல்லை, உங்கள் ஊர் முகவரிக்குத்தான் பதிவு என்றேன். பூமணியோடு கதைக்க என் கைத்தொலைபேசியைத் தந்தேன். அன்று நீங்கள் முதலில் சொன்னது: “நாங்க ரெண்டு பேரும் மிச்சம்டி.”

இனி வருவதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

சலுகைக்கு வருஷத்துக்கு ஒருமுறை மீள்சரிபார்ப்பு உண்டு. ஒவ்வொரு குடும்பமும் பதிந்த முகவரியில் இருக்கிறதா என்று நேரில் பார்த்துக் குறிக்க வேண்டும். நீங்கள் முகாமில் இருந்த மாதத்தில் அந்தப் பட்டியல் என் மேசைக்கு வந்தது. உங்கள் பெயருக்கு நேரே இரண்டு பெட்டிகள். முகவரியில் உள்ளார், முகவரியில் இல்லை. மூன்றாவது பெட்டி கிடையாது. உங்கள் ஊருக்குள் அப்போது காகம்கூடப் போக முடியாது. நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். கந்தோரிலிருந்து சைக்கிளில் போய் வருகிற தூரம்.

மனேஜரிடம் கேட்டேன். “ஆள் இடம்பெயர்ந்து முகாமில இருக்கிறா சேர். என்ன போடுறது?”

“முகவரியில இருக்கிறாவா?”

“இல்ல. ஆனா...”

“அப்ப இல்ல எண்டு போடுங்க. இணைப்ப நிப்பாட்டினாலும் திரும்பப் போனதும் புதுப்பிக்கலாம்தானே.”

இல்லை என்று போட்டேன். கீழே கையெழுத்து வைத்தேன். நல்ல கையெழுத்து எனக்கு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது. அன்று பின்னேரமே முகாமுக்கு வந்து உங்கள் கூடாரத்தில் தேத்தண்ணி குடித்தேன். சொல்லவில்லை. சொல்லுமளவுக்கு அது பெரிய விஷயமாகவும் அன்று எனக்குத் தெரியவில்லை.

மீள்குடியேற்றம் என்று உங்களை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டார்கள். வீட்டில் கூரை இல்லை. வளவில் ஆள் உயரத்துக்குப் பற்றை. அத்தான் முதலில் செய்த வேலை, கூரைக்கு முன்னமே, மரத்தில் ஏறி அன்ரனாவைக் கட்டியதுதான். பஸ் கொண்டக்டரிடம் எனக்குச் சொல்லி அனுப்பினீர்கள். போனில் வெளிச்சம் வருகிறது, ஆனால் எந்த இலக்கத்தை அடித்தாலும் ஒரு பொம்பிளை ஏதோ சொல்லிவிட்டு வைக்கிறாள். பிறகு நீங்களே வந்தீர்கள்.

“அவ என்ன சொல்றா புள்ள?”

“இணைப்பு இடைநிறுத்தப்பட்டிருக்கு எண்டு சொல்றா அக்கா. புதுப்பிக்க ஒரு படிவம் இருக்கு.”

படிவத்தை எடுத்தேன். மீளக்குடியேறியதற்குக் கடிதம் வேண்டும். பழங்குடி என்பதற்கு மறுபடியும் ஆதாரம் வேண்டும், போன முறை கொடுத்தது ஒரு வருஷத்துக்குத்தான் செல்லுமாம். நீங்கள் படிவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தீர்கள்.

“ஒரு வருஷத்துல நாங்க வேற ஆக்களா மாறிப்போட்டமா?”

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. எத்தனை நாளாகும் என்று கேட்டீர்கள். ரெண்டு கிழமை, பதினாலு நாள் என்றேன். நீங்கள் அலைந்து எல்லாக் கடிதத்தையும் கொண்டுவந்து தந்தீர்கள். அதை மனேஜரின் தட்டில் வைத்தேன். அவர் கொழும்பில் கூட்டத்துக்குப் போயிருந்தார், வந்தார், திரும்பவும் போனார். திட்டத்தையே மூடப்போவதாகக் கதை அடிபட்டது. தட்டில் உங்கள் படிவத்துக்கு மேல் வேறு தாள்கள் விழுந்தன. நான் ஒவ்வொரு நாளும் அந்தத் தட்டைக் கடந்துதான் என் கதிரைக்குப் போனேன்.

ஐந்தாம் கிழமை, காலை நேரம், கிணற்றடிப் பற்றையை நீங்கள் வெட்டிக்கொண்டிருந்தபோது கண்ணாடிப் புடையன் பாம்பு கடித்தது.

இதை எனக்குச் சொன்னவர் அத்தான். உங்கள் எட்டுச் சடங்கு கழிந்த மறுநாள் கந்தோருக்கு வந்தார். எப்போதும் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அன்று சேட்டின் எல்லாப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார்.

“இத நீங்களே வெச்சிக்கங்க மிஸ்.”

அவர் அன்று களப்பில் தோணியில் நின்றாராம். பக்கத்து வீட்டுப் பெண்தான் ஓடி வந்திருக்கிறா. கைத்தொலைபேசிக்கு அங்கே சிக்னல் இல்லை. உங்களைச் சுவரில் சாய்த்து இருத்திவிட்டு அவ இந்தப் போனைத்தான் எடுத்திருக்கிறா. ஆஸ்பத்திரிக்கு எடுக்கப் பார்த்தா. அந்தப் பொம்பிளைக் குரல் வந்தது. நீங்கள் வாயால் என் இலக்கத்தைச் சொன்னீர்களாம், ஒவ்வொரு எண்ணாக.

“‘மிஸ்ஸுக்கு அடி, அவ வாகனம் அனுப்புவா’ எண்டு சொன்னவவாம்” என்றார் அத்தான். “அடிச்சிப் பாத்து ஏலாம, திரும்பவும் அடி எண்டு சொன்னவவாம். மறுகா நான் வந்து சேந்து, உழவு மிசினுல ஏத்தி, சென்றியில ஆமிக்காரன் மறிச்சி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்குள்ள கதை இல்ல.”

அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. “ரெண்டு கிழமை எண்டு நீங்க சொன்னயளாம். அவ நாள் எண்ணிக்கிட்டு இரிந்தவ” என்றார். எழும்பிப் போய்விட்டார்.

மனேஜரின் தட்டில் தேடினேன். உங்கள் படிவம் அடியில், ஒரு மூலையும் மடியாமல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன், நடந்ததைச் சொன்னேன். அவருக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லக் கூடாது. “ஒரு சம்பவ அறிக்கை எழுதுங்க” என்றார். ஒரு பக்கத்தில் எழுதினேன். முடிவறிக்கையில் அது இல்லை. அத்தான் கோடாலியோடு நிற்கிற படம் அட்டையில் இருந்தது.

வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. விடவில்லை அக்கா. கடல் கொண்டுபோன வீட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன். திட்டம் மூடும்வரை அதே கதிரையில் இருந்தேன். யுத்தம் முடிந்துவிட்டது என்று டவுனில் வெடி கொளுத்திய நாளில் கந்தோர் சாமான்களைப் பெட்டிகளில் கட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் ஊருக்குச் சிக்னல் கோபுரம் அதற்குப் பிறகுதான் வந்தது. இப்போது அங்கே பிள்ளைகள் வேலியில் சாய்ந்து நின்றே கைத்தொலைபேசியில் படம் பார்க்கிறார்கள். யாரும் ஆதாரம் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்குகிறவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை.

பூமணிக்கு நான்தான் சொன்னேன். இணைப்பு திரும்ப வந்திருக்கும் என்று இரண்டு வெள்ளி உங்கள் இலக்கத்தை அடித்துப் பார்த்துவிட்டு மூன்றாவது வெள்ளி எனக்கு எடுத்தா. செய்தியைச் சொன்னேன். பின்னால் அந்த வீட்டுக் குழந்தை அழுவது கேட்டது. பிறகு கேட்டா.

“கடைசியா அக்கா ஆரக் கேட்டவ மிஸ்?”

எனக்கு உண்மை தெரியும். உங்கள் வாயிலிருந்து கடைசியாக வந்தது என் இலக்கம். உங்கள் தங்கச்சியின் இலக்கமும் உங்களுக்கு அதேயளவு பாடம். ஆனால் உயிர் போகிற நேரத்தில், குவைத்திலிருக்கிற பிள்ளையால் என்ன செய்ய முடியும் என்று யோசித்து, வாகனம் அனுப்பக்கூடிய ஆளைத்தான் தேடியிருக்கிறீர்கள். என்னை நம்பித்தான் திரும்பவும் அடி என்றீர்கள்.

“உன்னத்தான் பூமணி” என்றேன். “உன்ட நம்பரத்தான் அடிக்கச் சொன்னவவாம்.”

அவ ஓவென்று அழுதா. அந்த அழுகையில் ஒரு ஆறுதல் இருந்தது, எனக்குக் கேட்டது. அன்று என் குற்றத்தை மறைக்கத்தான் அப்படிச் சொன்னேனா, அவவுக்காகத்தான் சொன்னேனா என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். தெரியவில்லை.

அவ ஊருக்கு வந்துவிட்டா. வாழைச்சேனையில் இருக்கிறா, தையல் மெசின் வைத்திருக்கிறா. இப்போதும் வெள்ளிக்கிழமை எனக்கு எடுப்பா, பழக்கம். போன வெள்ளி கதைக்கும்போது சொன்னா: “அந்தக் குவைத் வீட்டுல நான் பட்ட பாட்டுக்கு எப்பவோ ஏதாவது செஞ்சிக்கிட்டிருப்பன் மிஸ். அக்கா கடைசியில என்னத்தான் கேட்டவ எண்ட ஒண்டப் புடிச்சிக்கிட்டுத்தான் மிச்ச வருசத்த முடிச்சன். நீங்க சொல்லாட்டி எனக்கு அது தெரிஞ்சிரிக்காது.”

பிறகு, “உண்மையா என்னத்தானே மிஸ்?” என்றா.

“ஓம்” என்றேன், அக்கா. இனிக் கேட்டாலும் ஓம் என்றுதான் சொல்வேன்.